ஒரு தூக்கத் தொலைவு

காதம் என்று அளந்தார்கள் ஒரு காலத்தில்.
நாங்கள் தூக்கத்தால் அளக்கிறோம்.
மிர்த்தாவின் பகல் தூக்கம்
ஒரு மணி நாற்பது நிமிடம்,
கார் ஓடிக்கொண்டே இருந்தால்.
நின்றால் கணக்கு வேறு.

இரவு ஒன்பதரை. சாக்ரெப்.
சலவை இயந்திரம் கடைசிச் சுற்றில் நடுங்குகிறது.
மேசையில் வரைபடம், அதன்மேல்
அவள் கடித்து வைத்த ரொட்டி ஓரம்,
ஆஸ்திரியாவில் பாதியை மறைத்துக்கொண்டு.
மூன்று இரவு விடுப்பு.
அதைக் கொண்டுபோய்ச் செலவழிக்க ஓர் ஊர் வேண்டும்.

வெனிஸ், என்றேன், சும்மா கேட்டுப் பார்க்க.
கால்வாயோரச் சுவர் இடுப்பளவு இருக்கும், என்றான் வெத்ரான்.
யார் இடுப்பளவு?
அதற்குமேல் பேச்சில்லை. வெனிஸ் மூழ்கியது.

துப்ரோவ்னிக்: படிகள்.
தள்ளுவண்டியை முன்னும் பின்னும் பிடித்து
பல்லக்குத் தூக்கிகளாக நாங்கள்,
உள்ளே மகாராணி, ஒற்றைச் செருப்போடு.

வியன்னாவின் அருங்காட்சியகங்களைத் திரையில்
ஒவ்வொன்றாகத் திறந்து மூடினோம்.
அவளுக்குத் தெரிந்த சொற்கள் பதினொன்று.
அதில் ஓவியம் இல்லை.
நாய் உண்டு, லாரி உண்டு, கீழே உண்டு.
கீழே என்றால் இறக்கிவிடு.
கீழே என்றால் விழுந்துவிட்டது.
கீழே என்றால் சில சமயம்
வெறும் கோபம்.

லியுப்லியானா சரியாக ஒரு தூக்கத் தொலைவு.
பாலத்தில் பச்சை டிராகன்கள், ஆற்றோரம் சமதளம்,
விடுதியில் தொட்டில் இலவசம், லிஃப்ட் உண்டு.
லிஃப்ட் போதும் அவளுக்கு, ஊரே வேண்டாம்.
பதிவுப் படிவம்வரை போய்விட்டோம்.
பெரியவர் இரண்டு.
குழந்தை என்ற கட்டத்தில்
கூட்டல் குறிமேல் என் விரல்.

அப்போதுதான் வெத்ரான்
ரொட்டித் துண்டை நகர்த்திவிட்டுச் சொன்னான்:
த்ரியெஸ்தே.

ஏழு வருடம் முன்பு, பிப்ரவரி.
போரா காற்று ஆட்களை விளக்குக் கம்பங்களோடு
அணைத்து நிறுத்திய நாள்.
துறைமுகத்தை ஒட்டிய காப்பிக்கடையில்
ஜன்னலோர மேசையில்
பட்டியல் போட்டு, நிதானமாக, சண்டையில்லாமல்
நானும் அவனும் முடிவெடுத்தோம்,
பிள்ளை வேண்டாம் என்று.
கைகூடக் குலுக்கிக்கொண்டோம்.
பிறகு ஆளுக்கு இன்னொரு காப்பி.

அந்த மேசைக்கு இவளைக் காட்டணும், என்றான்.

நான் உடனே சிரிக்கவில்லை.
அந்த இரண்டு பேரும் இன்னும் அங்கேயே
உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது.
கதவைத் தள்ளிக் காற்றோடு நுழைவோம்.
நிமிர்ந்து பார்ப்பார்கள்.
வண்டிக்கு வழிவிட நாற்காலியை இழுத்துக்கொள்வார்கள்,
மரியாதையாக, யாரோ எவரோ என்று.
அந்தப் பெண்ணிடம் ஒன்றே ஒன்று கேட்க வேண்டும் எனக்கு:
இன்று காலை
எத்தனை மணிக்கு எழுந்தாய்?

த்ரியெஸ்தேவுக்கு இரண்டரை மணி நேரம்.
தூக்கம் போக மிச்சம் ஐம்பது நிமிடம்.
வாழைப்பழம் ஒன்று, ஆறு நிமிடம்.
ஜன்னலில் லாரிகள், பத்து, நெடுஞ்சாலை மனது வைத்தால்.
வாத்துப் பாட்டு:
அதை நான் இனிப் பாடுவதாக இல்லை.
மீதி அழுகை.

அந்த மீதிக்குப் பின்சீட்டில் யார்?
காசு சுண்டினோம்.
ஒரு யூரோ விளக்கடியில் ஒருமுறை மின்னி
என் விரலில் பட்டுத் தெறித்து
குளிர்பெட்டிக்கு அடியில் ஓடியது.
வெத்ரான் குப்புறப் படுத்து
மரக்கரண்டியால் துழாவினான்.
வந்தவை: பிளாஸ்டிக் மூடி, நாலு உலர்திராட்சை,
போன மாதம் முழுக்கத் தேடிய
இடதுகால் செருப்பு.

காசு வரவில்லை.

உள்ளறையில் அவள் புரளும் சத்தம்.
இருவரும் மூச்சடக்கித் தரையில் கிடந்தோம்,
எங்கள் நடுவே அந்தச் செருப்பு,
உள்ளங்கையைவிடச் சின்னது.
கீழே, என்றாள் தூக்கத்தில்,
தெளிவாக,
யாரிடமோ.